புகை நின்ற எழுபது நாள்

அட்டை ஆலைக்குப் பின்னால் ஆலைக்குச் சொந்தமான பத்து லைன் வீடுகள். அந்த வீட்டுப் பெண்கள் துவைத்துக் காயப்போட்ட துணியில் கரி விழாமல் இருப்பது கடவுள் செயல் என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கடவுள் செயல்தான். அதைச் செய்வதற்கு அவர் ஓர் ஆளை வைத்திருந்தார் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

அந்த ஆள் ஆலையில் பாய்லர் பார்ப்பவர். எல்லோருக்கும் கரியண்ணன். எத்தனை தடவை தேய்த்துக் குளித்தாலும் கழுத்து மடிப்பில் ஒரு கறுப்புக் கோடு மிஞ்சும். அதனால் வந்த பெயர்.

பாய்லர் குழாய்களில் கரி அப்பிக்கொள்ளும். ஷிப்டுக்கு ஒரு தடவை நீராவியைப் பாய்ச்சி அதை ஊதித் தள்ள வேண்டும். ஊதினால் புகைபோக்கி வழியாகக் கால்மணி நேரம் கறுப்புத் தூள் கொட்டும். காலை பத்து மணிக்கு ஊத வேண்டும் என்பது ஆலை விதி. பத்து மணிக்குத்தான் லைன் வீட்டுக் கொடிகளில் ஈரத்துணி நிறைந்திருக்கும். கரியண்ணன் வெளியே வந்து முதலில் பக்கத்து நூல் ஆலையின் புகைபோக்கியை அண்ணாந்து பார்ப்பார். அங்கே புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுதான் மேல்காற்று. ஆற்றுப் பக்கம் சாய்ந்தால் ஊதிவிடுவார். வீடுகள் பக்கம் சாய்ந்தால் துணியெல்லாம் காய்ந்து உள்ளே போகிற வரைக்கும் காத்திருப்பார். சில நாள் மூன்று மணிகூட ஆகிவிடும்.

ஒரு தடவை மேனேஜர் கண்டுபிடித்து அரைநாள் சம்பளத்தை வெட்டினார். ஏன் தாமதம் என்று கேட்டதற்குக் கரியண்ணன் வாயே திறக்கவில்லை. மறுநாளும் காத்திருந்துதான் ஊதினார்.

துணிக்குக் காவல் இருந்த மனிதரால் தன் வீட்டுக்குள் இருந்த நெஞ்சுக்குக் காவல் இருக்க முடியவில்லை. கொட்டுகிற கரியைத் தள்ளிப்போடலாம். நாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாமல் சன்னல் வழியே நுழைகிற புகையை யார் தள்ளிப்போடுவது? அவர் மனைவிக்கு இளைப்பு வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது.

அந்த அம்மாவை லைனில் வக்கீலம்மா என்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் தண்ணீர்க் குழாயடியில் அவரிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் கிடையாது. நியாயம் எந்தப் பக்கமோ, ஜெயிப்பது அவர்தான். இளைப்பு வந்த பிறகு நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிற்க வேண்டியதாயிற்று. நின்றால் எதிராளி புகுந்துவிடுவாள். பாதி வாதத்திலேயே கேஸ் தோற்று, மருந்துப் பம்பை வாயில் வைத்து இழுத்தபடி வீட்டுக்குள் வந்து உட்காருவார்.

"இன்னைக்கும் தோத்தாச்சா?" என்பார் கரியண்ணன்.

"தோக்கல. வாய்தா வாங்கியிருக்கேன்" என்பார் அந்த அம்மா. அதைச் சொல்லி முடிக்கவே மூன்று மூச்சு வேண்டும்.

பிள்ளை இல்லாத வீடு. இருவரும் ஒருவருக்கொருவர் பிள்ளை மாதிரிதான்.

அந்த வருஷம் நோய் வந்தது. ஊரை அடைக்க உத்தரவு வந்தது. ஆலையின் சங்கு மதியமே ஊதியது. "நெருப்பை இறக்கிடு" என்று மேனேஜர் சொன்னபோது கரியண்ணனுக்குக் கை ஓடவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் நெருப்பை அணைத்ததே கிடையாது. லீவு நாளில்கூடத் தணலைச் சாம்பலால் மூடி உயிரோடு வைத்திருப்பார். அன்றைக்கு நீளக் கொக்கியால் தணலை வெளியே இழுத்துப்போட்டுத் தண்ணீர் ஊற்றினார். சாயங்காலம் பாய்லர் மேல் கையை வைத்துப் பார்த்தார். ஆறிக்கொண்டிருந்தது.

நூல் ஆலை, சாயப்பட்டறை, இரும்புப் பட்டறை எல்லாம் நின்றன. சாலையில் வண்டி இல்லை. நாலாம் நாள் வானம் வேறு நிறமாக இருந்தது. பத்தாம் நாள் மொட்டை மாடிக்குப் போன லைன்காரர்கள் வடக்கே ஒரு மலை இருப்பதைப் பார்த்தார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் அப்படி ஒரு மலை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில் வக்கீலம்மா கரியண்ணனைத் திட்டினார். துண்டை ஈரத்தோடு கட்டில்மேல் போட்டதற்காக. "எத்தனை தடவை சொல்றது, ஈரத்துண்ட மெத்தை மேல போடாதீங்கன்னு, நான் ஒருத்தி காலையிலிருந்து மாவாட்டிக்கிட்டே இருக்கேன், நீங்க கால்மேல கால் போட்டு உக்காந்துக்கிட்டு…" என்று ஆரம்பித்து, அவருடைய அம்மாவில் நுழைந்து, அத்தையில் திரும்பி, கல்யாணத்தன்று அவர் தூங்கிப்போனதில் வந்து நின்றார்.

கரியண்ணன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"என்ன பாக்குறீங்க?"

"நிறுத்தாம திட்டினியேம்மா. ஒரே மூச்சுல."

அந்த அம்மா நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு மாடிப்படிக்குப் போனார். கைப்பிடிச் சுவரைத் தொடாமல் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். மேலே நின்று அழுதார். அன்றைக்கு இரண்டு பேரும் சாமி படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். உலகத்துக்கே நோயைக் கொடுத்துவிட்டு என் வீட்டுக்கு மட்டும் மூச்சைக் கொடுத்தாயே, இதற்கு நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று கரியண்ணனுக்குத் தெரியவில்லை. இரண்டையும் சொல்லிவைத்தார்.

டிவியில் கோட்டுப் போட்ட ஒருவர், உலகம் முழுக்கப் புகை இத்தனை சதவீதம் குறைந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். வக்கீலம்மா டிவியைப் பார்த்துக் கேட்டார்: "அதுல எங்க வீட்டுக்காரர் பங்கு எவ்வளவு சார்? அத மட்டும் தனியா சொல்லுங்க."

மூச்சு வந்தது. சம்பளம் வரவில்லை. முதல் மாதம் பாதி கொடுத்தார்கள். அடுத்த மாதம் சம்பளம் கேட்கப் போனவர்களுக்கு ஆலைக் கதவே திறக்கவில்லை. வக்கீலம்மாவின் தோடு போயிற்று. பிறகு டிவி போயிற்று. மூன்று வேளை இரண்டாகி, இரண்டு ஒன்றாயிற்று. உடம்பு இளைத்தது, இளைப்பு இல்லை. முன்பே தீர்ந்து கிடந்த மருந்துப் பம்புக்குப் பதில் வேறு வாங்கலாம் என்றபோது அந்த அம்மாதான் புதிது வேண்டாம் என்றார்.

"ஒரு மாசமா அத தொடவே இல்ல. அந்தக் காசுக்கு அரிசி வாங்குங்க."

அவருக்கும் அது நியாயமாகவே பட்டது. வாங்கினார்கள், சாப்பிட்டார்கள்.

எழுபதாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, ஆலைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. கரியண்ணனும் இன்னொரு ஷிப்டில் பாய்லர் பார்க்கிற நெட்டையும் போனார்கள். நெட்டை பக்கத்து வீட்டுக்காரர், பத்து வயது சின்னவர், வாசலில் குனிந்துதான் நுழைவார். மேனேஜர் முகக்கவசத்தைத் தாடையில் இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்:

"நாளைக்குக் காலையில நெருப்பு போடணும். ரெண்டு பேருக்கு வேலை இல்ல. ஒருத்தரே ரெண்டு ஷிப்டும் பாக்கணும். வேலை யாருக்கோ வீடும் அவருக்குத்தான்."

நெட்டை முற்றத்தைப் பார்த்தார். நிலக்கரி குவியும் இடத்தில் செருப்பு ஆலையில் வெட்டிப்போட்ட ரப்பர்த் துண்டுகள் மலையாகக் கிடந்தன.

"நிலக்கரி எங்க சார்?"

"அதான் நிலக்கரி."

"புகையைத் தண்ணி விட்டுக் கழுவுற தொட்டில மோட்டாரைக் காணோம்."

"வரும்."

"எப்ப வரும்?"

"அதிகாரி எப்ப சோதனைக்கு வர்றாரோ அப்ப. அவருக்கும் நோய் பயம், வீட்ல உக்காந்திருக்கார்."

பக்கத்தில் இருந்த குமாஸ்தா சிரித்தார். கரியண்ணன் மெதுவாகச் சொன்னார்: "சார், எழுபது நாள் குளிர்ந்து கிடந்த செங்கல். ரெண்டு நாள் விறகு போட்டுச் சின்னதா சூடேத்தணும். புகைபோக்கி சூடாகாம புகை மேல ஏறாது, கீழயே விழும்."

"சாயங்காலத்துக்குள்ள எனக்கு நீராவி வேணும். உலகமே வீட்ல உக்காந்துக்கிட்டு பெட்டி பெட்டியா சாமான் வரவழைக்குது. பெட்டிக்கு அட்டை நாம. எழுபது நாள் விட்டதை ஏழு நாள்ல பிடிக்கணும்னு முதலாளி சொல்லியிருக்கார்."

நெட்டை, "ரப்பரைத் தண்ணி இல்லாம எரிக்க மாட்டேன் சார். பின்னாடி பத்து வீடு இருக்கு" என்றார்.

"சரி, ஒன்பது வீடு ஆயிடும்" என்றார் மேனேஜர். "இன்னைக்கே காலி பண்ணிடு."

அன்று மதியமே நெட்டையின் பாத்திரம், பாய், குழந்தையின் தொட்டில் எல்லாம் தெருவில் இருந்தன. வெளியே நிற்கக்கூடாது என்று விரட்டுகிற போலீஸ் நெட்டையையும் விரட்டியது. "வீட்டுக்குள்ள போய்யா" என்றார் போலீஸ்காரர். "எந்த வீட்டுக்கு சார்?" என்றார் நெட்டை. அதற்கு முதுகில் ஒரு அடி விழுந்தது. ஆற்றோரம் ஆலையின் பழைய பம்ப் ரூம் பூட்டில்லாமல் கிடந்தது. அவர் குடும்பத்தோடு அங்கே போய் ஒதுங்கினார்.

போகும்போது கரியண்ணனிடம் சொன்னார்: "அண்ணே, அண்ணிக்கு மூச்சு இப்பத்தான் வந்திருக்கு. நீங்க உங்க வீட்டுக்குள்ளயே அடுப்பை மூட்டப்போறீங்க."

"மூட்டலன்னா வீடே இல்லையே தம்பி."

வக்கீலம்மாவின் அண்ணன் ஒருநாள் பஸ் தூரத்தில், மரமும் காற்றுமாக இருக்கிற இடத்தில் இருந்தார். கரியண்ணன் போன் போட்டார்.

"மச்சான், தங்கச்சிய கொஞ்ச நாள் அங்க வச்சுக்கணும்."

"அதுக்கென்ன மாப்பிள்ளை, தாராளமா." கொஞ்சம் நிறுத்தி, "பின்பக்கம் விறகு ஷெட் இருக்கு. பதினாலு நாள் அதுல இருக்கட்டும். சோறு வாசல்ல வச்சுடுவோம். தட்டு மட்டும் அங்கிருந்தே கொண்டு வரச்சொல்லுங்க. அவ தொட்ட தட்ட எங்களால எடுக்க முடியாது" என்றார்.

கேட்டுக்கொண்டிருந்த வக்கீலம்மா, "போறேன்னு சொல்லுங்க. நாய்க்கு வைக்கிற இடத்துல தின்னாலும் மூச்சு இருந்தா போதும்" என்றார். வாதாடிப் பழகிய அந்த வாய் அவ்வளவு எளிதில் இறங்கி வந்தது கரியண்ணனுக்குச் சங்கடமாக இருந்தது.

ஆனால் பஸ் திங்கட்கிழமைதான் மறுபடி ஓடும். நெருப்பு சனிக்கிழமை. இரண்டு நாள் தள்ளிப்போடக் கேட்டு மறுபடி மேனேஜரிடம் போனார். மேனேஜர் நிமிராமலே சொன்னார்: "உன் பொண்டாட்டி மூச்சுக்கும் என் ஆர்டருக்கும் என்ன சம்பந்தம்? எழுபது நாள் இலவசமா நல்ல காத்து குடுத்தோமே, அது போதாதா?"

சனிக்கிழமை காலை. வக்கீலம்மா ஒரு துணிப்பையில் தண்ணீரும் தட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "நான் ஆத்தோரம் நெட்டை வீட்டாளுங்களோட போய் இருந்துக்கவா? போலீஸ் பாக்காம சந்து வழியா போயிடுவேன்."

நல்ல யோசனைதான். கரியண்ணன் வழக்கம்போல வெளியே வந்து நூல் ஆலைப் பக்கம் அண்ணாந்து பார்த்தார். அங்கே புகை இல்லை. நூல் ஆலை இனித் திறக்கப்போவதே இல்லை என்று கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவருக்குக் காற்றைக் காட்டிய விரல் அது. இப்போது வானம் வெறுமனே நீலமாக இருந்தது. நீலத்தைப் பார்த்து யார் என்ன தெரிந்துகொள்ள முடியும்? அவர் குனிந்து பழைய சாம்பலில் ஒரு பிடி அள்ளித் தூவினார். சாம்பல் ஆற்றுப் பக்கம் மிதந்து போனது.

"புகை ஆத்துப் பக்கம்தான் போகும்மா" என்றார். "நீ அங்க போனா மாட்டிக்குவ. வீட்லயே இரு. கதவு சன்னல எல்லாம் அடைச்சுக்க. ஈரத்துணிய இடுக்குல சொருகு."

வக்கீலம்மா பையைக் கீழே வைத்தார். காற்று விஷயத்தில் அவரிடம் அந்த அம்மா ஒருநாளும் வாதாடியதில்லை.

கீழே ஒரு காற்று, மேலே ஒரு காற்று. பாய்லர்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது அது. அவருக்கும் தெரியும். அன்றைக்கு மேல்காற்றைப் பார்க்க வழியில்லாமல், தெரிந்ததைக் கேட்காமல், ஆசையைக் கேட்டார். விறகு போட்டு, ரப்பர் போட்டு, நெருப்புக்குக் காற்று ஊதுகிற காற்றாடியை முழுவேகத்தில் முடுக்கினார். குளிர்ந்த புகைபோக்கியில் ஏறிய புகை மேலே போகத் தெம்பில்லாமல் உச்சியில் தயங்கியது. மேல்காற்று அதை வீடுகள் பக்கம் தள்ளியது. கறுப்பாகப் பொங்கிக் கூரைகளின் மேல் படுத்தது. பாய்லர் ரூமுக்குள் இருப்பவருக்கு நெருப்பு தெரியும், நீராவி அளவைக் காட்டுகிற முள் தெரியும், தன் புகை தெரியாது.

மதியம் மூன்று மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்: "கரியண்ணே, உங்க வீட்டம்மா கதவைப் பிறாண்டுறாங்க."

அப்போதுதான் முள் ஏற ஆரம்பித்திருந்தது. மேனேஜர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"போயிட்டு வா, யார் வேணாங்கிறா? ஆனா நெருப்பு அணையக்கூடாது. அணைஞ்சா வீட்டுச் சாவிய குடுத்துட்டுப் போ."

கரியண்ணன் கையில் நீளக் கொக்கி இருந்தது. தணலை வெளியே இழுத்துப்போட நாலு இழுப்புப் போதும். அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவள் பிழைத்து வந்தால் படுக்க ஒரு வீடு வேண்டுமே என்று நினைத்தார். கொக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு மண்வெட்டியை லோடு ஏற்றுகிற ஆளிடம் கொடுத்தார். "அரைமணிக்கு ஒரு தடவை பத்து மண்வெட்டி அள்ளிப் போடுப்பா. முள் சிவப்புக்குப் போகாம பாத்துக்க."

வக்கீலம்மா கதவுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தார். காலிப் பம்பு வாயில் இருந்தது. அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வெளுத்திருந்தது. ஆட்டோ கிடையாது. போன் செய்த ஆம்புலன்ஸ் வரிசையில் நாற்பதாவது என்றது. கழிவுத்தாள் கட்டு ஏற்றுகிற தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, "யாராவது ஒரு கை பிடிங்கம்மா" என்றார். அந்த அம்மா மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்து லைன் முழுக்கக் கதவுகள் சாத்திக்கொண்டன. நோய் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். உள்ளிருந்து ஒரு குரல், "சீக்கிரம் கொண்டு போங்க, பிள்ளைங்க இருக்கிற இடம்" என்றது. அவரே தூக்கினார், அவரே தள்ளினார்.

ஆஸ்பத்திரி வாசலில் உடம்பு முழுக்க மூடிய நர்ஸ் ஒருத்தி கையை நீட்டித் தடுத்தாள்.

"மூச்சுத்திணறலா? காய்ச்சல் வார்டு."

"இது புகையால வந்தது தாயி. பழைய இளைப்பு."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. நோயாளி மட்டும் உள்ள. நீங்க கிளம்புங்க."

உள்ளே ஒரே கட்டிலில் இரண்டு பேர் கிடப்பது வாசலிலிருந்தே தெரிந்தது.

திங்கட்கிழமை பஸ் ஓடியது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டியதைத் தூரத்திலிருந்து காட்டினார்கள், முகத்தைக் காட்டவில்லை. நாலு பேர் குழியில் இறக்கிவிட்டு, தாங்கள் போட்டிருந்த பாதுகாப்பு உடுப்பைக் கழற்றி அதிலேயே போட்டார்கள். மச்சான் போனில் அழுதார். ஷெட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்ததாகச் சொன்னார். எட்டாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. அந்த அம்மாவுக்கு நோயே இல்லை என்று எழுதியிருந்தது.

கரியண்ணன் இன்னும் அங்கேதான் பாய்லர் பார்க்கிறார். இரண்டு ஷிப்டும் அவரே. மோட்டார் இன்னும் வரவில்லை. நூல் ஆலை இடத்தில் பார்சல் கிடங்கு வந்துவிட்டது, லாரிகள் வரிசையாக நிற்கின்றன. மலை மறைந்துவிட்டது. புகை பழைய அளவுக்கே வந்துவிட்டது என்றும், தொழில்கள் எழுந்து நிற்கின்றன என்றும் டீக்கடை டிவியில் அதே கோட்டுக்காரர் சொன்னார். கரியண்ணன் கோயிலுக்குக் கும்பிடப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் அங்கே போனால் ஒன்றும் கேட்பதில்லை. தலையைக் குனிந்து நின்றுவிட்டு வருகிறார்.

அவரும் வக்கீலம்மாவும் கடைசியாகப் பிரிந்தது அந்த ஆஸ்பத்திரி வாசலில். வக்கீலம்மாவைத் தள்ளுவண்டியிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றினார்கள். நர்ஸ் நாற்காலியைத் திருப்பினாள். அந்த அம்மா கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நகரவிடவில்லை. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சாகக் கேட்டார்:

"அடுப்பு… எரியுதாங்க?"

அங்கிருந்து பார்த்தால் ஆலைப் பக்கத்து வானம் தெரியும். அந்த அம்மாவின் முதுகு அந்தப் பக்கம் இருந்தது. கரியண்ணன் வானத்தையும் பார்த்தார், மனைவியின் முகத்தையும் பார்த்தார். பிறகு கம்பியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுச் சொன்னார்:

"இல்லம்மா. அணைச்சுட்டுத்தான் வந்தேன். நீ உள்ள போ."